வாசலில் ஒரு பலகை வேண்டாமா?

கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட ஒன்பது தளக் கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் யாரும் நேரே புத்தகத்தைத் தேடி ஓடுவதில்லை. எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் இடத்தில் அரை நிமிடம் நிற்கிறோம். தரைத் தளத்தில் பிரெயில் பிரிவு, முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு, இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்கள் என்று படித்துக்கொண்டே போகும்போது, நாம் தேடி வராத ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது. “அட, இதுவும் இங்கே இருக்கிறதா!” என்கிறோம். அன்றைய பொழுது அங்கேயே போய்விடுவதும் உண்டு.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். அந்தப் பலகையை யாரோ கழற்றிவிடுகிறார்கள். அதன் இடத்தில் ஒரு சிறு ஜன்னல் வைக்கிறார்கள். “வேண்டியதன் பெயரை எழுதிக் கொடுங்கள், கொண்டுவந்து தருகிறோம்” என்று ஜன்னலுக்கு மேல் எழுதியிருக்கிறது. பெயர் தெரிந்தவருக்கு இது வசதிதான். பெயர் தெரியாதவர் என்ன செய்வார்?

நூலகத்தில் யாரும் இப்படிச் செய்யவில்லை. ஆனால் இணையத்தில் இது நாள்தோறும் நடக்கிறது. முன்பெல்லாம் ஒரு வலைத்தளத்தின் முகப்பிலோ அடியிலோ ‘தள வரைபடம்’ அல்லது ‘சைட்மேப்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தளத்தில் உள்ள பக்கங்களெல்லாம் தலைப்பு வாரியாக ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். இப்போது புதிதாகத் தளம் அமைப்பவர்களில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். “தேடுபெட்டி இருக்கிறதே, மெனு இருக்கிறதே, பட்டியலை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களுடைய விடை தவறு என்பது என் கருத்து. (மாடிக்கும் தளம் என்கிறோம், வலையில் இருப்பதையும் தளம் என்கிறோம். இனி ‘தளம்’ என்று வரும் இடமெல்லாம் வலைத்தளம் என்றே கொள்க.)

என் கருத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். குடும்பத்தில் பட்டம் படித்தவர் யாரும் இல்லை. கல்லூரியில் சேருவதற்கான விவரங்கள் தேடி ஒரு தளத்தில் ஒரு மாலை முழுவதும் செலவழித்திருக்கிறான். அது எந்தத் தளம் என்பது இங்கே தேவையில்லை. தேடுபெட்டியில் ‘உதவித்தொகை’ என்று எழுதிப் பார்த்திருக்கிறான். டெண்டர் அறிவிப்பும் விழாப் படங்களும் வந்தனவாம். பிறகு என்னிடம் கைப்பேசியைக் கொண்டுவந்து, “தாத்தா, இதில் ஒன்றுமே இல்லை” என்றான்.

பழைய வழக்கத்தால் நான் பக்கத்தின் அடிக்குப் போனேன். பொடி எழுத்தில் ‘சைட்மேப்’ என்று இருந்தது. தட்டினேன். நீளமான பட்டியல் விரிந்தது. இருவரும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தோம். பாதிக்கு மேல் போன பிறகு ஒரு வரி வந்தது: முதல் பட்டதாரி சான்றிதழ். “அப்படியென்றால் என்ன?” என்றான். குடும்பத்தில் அதுவரை யாருமே பட்டம் பெறாதிருந்தால், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குத் தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு வருவாய்த் துறையிடம் இந்தச் சான்றிதழைப் பெற வேண்டும் என்றேன். பையன் சிறிது நேரம் பேசவில்லை. “இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாதே” என்றான்.

வழக்கின் உயிர்நாடி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தேடுவதற்குச் சொல் வேண்டும். சொல் தெரிய வேண்டுமானால் பொருள் இருப்பது தெரிய வேண்டும். வீட்டில் நாலு பேர் படித்திருந்தால் அந்தச் சொல் சாப்பாட்டு வேளையில் காதில் விழுந்துவிடும். யாரும் படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? தேடுபெட்டி, தெரிந்தவனுக்கு வேலைக்காரன். தெரியாதவனிடம் அது வாயைத் திறப்பதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் முழு வாக்கியமாகவே கேட்கலாம் என்கிறார்கள். கேட்கலாம், எதைக் கேட்பது என்று தெரிந்தால்.

இன்னொரு வேடிக்கையைக் கவனியுங்கள். தேடுபொறிகள் வலையைப் படிப்பதற்குச் ‘சிலந்தி’ எனப்படும் நிரல்களை ஏவுகின்றன. சிலந்தி ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கு ஊர்ந்து போகும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாமல் தனித்துக் கிடக்கும் பக்கம் அதன் கண்ணில் படாது. இந்தக் குறையைப் போக்க 2005ஆம் ஆண்டு ஜூனில் கூகுள் நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்தது. தளம் நடத்துபவர் தம் பக்கங்களின் முகவரிகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்தால், சிலந்தி முதலில் அதைப் படித்துக்கொள்ளும். 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் இதே முறையை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். அந்தக் கோப்பின் பெயரும் சைட்மேப்தான்!

மனிதனுக்கு வரைபடம் வேண்டாம் என்று சொல்லும் அதே தளங்களில் பல, இயந்திரத்துக்கான இந்த வரைபடத்தைத் தவறாமல் எழுதிவைக்கின்றன. ஒரு வினாடியில் ஆயிரமாயிரம் சொற்களைப் படிக்கும் நிரலுக்கே வழிகாட்டி இல்லாமல் முடியவில்லை. நாம் மட்டும் வழி விசாரித்து அலைய வேண்டுமாம்.

மெனுவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தளத்தின் முகப்பில் 7 பிரிவுகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் 7 உட்பிரிவுகள். ஒவ்வோர் உட்பிரிவிலும் 7 பக்கங்கள். ஆக 7 × 7 × 7 = 343 பக்கங்கள். பெரிய தளமன்று, ஒரு நடுத்தரக் கல்லூரிக்கு இந்த அளவு இருக்கும். நமக்கு வேண்டிய பக்கத்தை அடைய மூன்று இடங்களில் சரியான கிளையைப் பிடிக்க வேண்டும். ‘கட்டணச் சலுகை’ எங்கே இருக்கும்? ‘சேர்க்கை’யிலா, ‘மாணவர் நலன்’ என்பதிலா, ‘அறிவிப்புகள்’ என்பதிலா? ஒவ்வொரு கிளையிலும் பத்துக்கு எட்டு முறை நம் ஊகம் சரியாக இருக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று ஊகமும் சரியாக அமையும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது நூறு பேரில் 51 பேர் நேரே போய்ச் சேருவார்கள். மற்ற 49 பேர் திரும்பி வந்து மறுபடி முயல வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்று அலுத்துப்போனவர், “இதில் ஒன்றுமே இல்லை” என்று முடிவு கட்டுவார். நான்கு அடுக்கு என்றால் நேரே சேருபவர்கள் 41 பேர்தான்.

இதையே பட்டியலாகப் போட்டால்? 343 பக்கங்களையும் அப்படியே கொட்டினால், தலைப்புகளோடு சேர்த்து 399 வரிகள். கைப்பேசித் திரையில் 15 வரி தெரியுமானால் 27 திரை. ஒப்புக்கொள்கிறேன், அலுப்புத்தான். ஆனால் முதல் இரண்டு அடுக்கை மட்டும் போட்டால் 7 + 49 = 56 வரிகள்; நான்கு திரை. எந்தப் பிரிவுக்குள் எது இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கண் முன்னால் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆகவே வரைபடம் வேண்டும் என்று சொல்லும்போது, எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூலகப் பலகையில் ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையுமா எழுதிவைக்கிறார்கள்?

தமிழில் எழுதப்படும் தளங்களுக்கு இந்த வரைபடம் இன்னும் ஒரு படி கூடுதலாகத் தேவை. காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘கட்டணம்’ என்று தேடுகிறீர்கள். பக்கத்தில் ‘கட்டணத்தை’ என்று இருக்கிறது. இறுதியில் இருந்த ‘ம்’ போய் ‘த்தை’ வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடுபெட்டி, இரண்டும் வேறு வேறு சொற்கள் என்று கைவிரித்துவிடும். ‘ஆறு’ ஆற்றில் ஆகிறது, ‘நாடு’ நாட்டை ஆகிறது. ‘சான்றிதழ்’ என்பதைப் பாருங்கள். கணினியின் யூனிகோடு முறையில் ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியும் ஆகிய இரண்டு குறிகள். ‘சான்றிதழை’ என்றதும் புள்ளி போய் அங்கே ஐகாரக் குறி வந்துவிடுகிறது. ஒப்பீடு தவறிவிடும். பெரிய தேடுபொறிகள் இதையெல்லாம் ஓரளவு சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. ஒரு பள்ளியோ சங்கமோ தன் தளத்தில் வைத்திருக்கும் சிறு தேடுபெட்டியிடம் அந்தத் திறமையை எதிர்பார்க்க முடியாது.

பெயர்களின் கதையோ இன்னும் மோசம். மயிலாப்பூர், மைலாப்பூர், மயிலை. பறக்கும் ரயில் நிலையத்தின் பெயரோ திருமயிலை. தியாகராய நகர், தி. நகர், டி. நகர், அங்கே இறங்க வேண்டிய ரயில் நிலையம் மாம்பலம். பாண்டி பஜார் என்று ஊரே சொல்லும் தெருவின் பெயர்ப்பலகையில் தியாகராயர் பெயர் இருக்கிறது. எதை எழுதித் தேடுவது?

பழைய கோப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் தமிழுக்குப் பல எழுத்துரு முறைகள் புழங்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் சில முறைகளைத் தரப்படுத்தினார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும். ஆனால் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள்! இப்படிப்பட்ட கோப்பில் ‘அம்மா’வை எந்தப் பெட்டி தேடிக் கண்டுபிடிக்கும்? ஆனால் அந்தக் கோப்பின் தலைப்பைத் தமிழில் ஒரு வரியாகப் பட்டியலில் எழுதிவைத்துவிட்டால், மனிதக் கண் கண்டுபிடித்துவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் தன்னார்வ முயற்சி அது. அங்கே அலங்காரம் ஒன்றும் கிடையாது. வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர் பெயர் என்று நீண்ட பட்டியல்தான். முதல் எண் திருக்குறளுக்கு. அந்தப் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால், பெயரே கேள்விப்படாத நூல்கள் எத்தனை வருகின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி எதிர்த்தரப்பு. அவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு.

வலைத்தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்ற யாகோப் நீல்சன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தளத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள் என்று ஆட்களிடம் சொன்னபோது, முதல் ஆய்வில் நூற்றுக்கு 27 பேர் தள வரைபடத்தை நாடினார்கள். பின்னர் நடந்த ஆய்வில் அது நூற்றுக்கு 7 ஆகக் குறைந்துவிட்டது. “பார்த்தீர்களா, யாரும் போவதில்லை” என்கிறார்கள். ஆனால் இதே நீல்சன், வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றே பரிந்துரைத்தார். செலவு குறைவு, மற்ற வழிகள் கைவிட்டபோது உதவுகிறது என்பது அவர் கணக்கு. கட்டடத்தில் நெருப்பு வந்தால் இறங்கும் படிக்கட்டில் தினமும் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அதை இடிப்போமா?

அடுத்த வாதம்தான் எனக்குப் பிடித்தது. மயிலாப்பூரின் நான்கு மாட வீதிகளில் நடக்க வரைபடம் எதற்கு? கோபுரமும் குளமும் இருக்கின்றன. எந்தச் சந்தில் நின்றாலும் திசை தெரிந்துவிடுகிறது. தி. நகரை 1920களில் அமைத்தவர்கள் நடுவில் பனகல் பூங்காவை வைத்துச் சாலைகளை அதிலிருந்து பிரியவிட்டார்கள். அமைப்பு நன்றாக இருந்தால் வரைபடம் தேவையில்லை. வரைபடம் கேட்கிறார்கள் என்றாலே தளம் மோசமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இப்படி வாதிடுகிறார்கள். பாதி உண்மை. கோபுரத்தைப் பார்த்துப் பழகிய மயிலாப்பூர்வாசிக்கு இது சரி. ஆனால் வலைத்தளத்துக்கு வருபவர் பெரும்பாலும் முன்வாசல் வழியாக வருவதில்லை. தேடுபொறி அவரை ஏதோ ஓர் உள்பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கண்ணைக் கட்டி ஆட்டோவில் கொண்டுபோய் ரங்கநாதன் தெருவின் நடுவில் இறக்கிவிட்டால் பனகல் பூங்கா எந்தப் பக்கம் என்று சொல்வீர்களா?

மூன்றாவது, பழசாகிப்போன வரைபடம். இதில் அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. சில ஆண்டுகளாக மெட்ரோ பணிகளால் லஸ் பக்கம் வண்டி போகும் வழிகள் எத்தனை முறை மாறின! பழைய வரைபடத்தை நம்பிப் போவதைவிட, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு போவது மேல். கையால் எழுதி மறந்துபோன தள வரைபடமும் அப்படித்தான். தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்கிறது. ஆனால் இதற்குத் தீர்வு எளிது. மெனு எந்தத் தரவிலிருந்து உருவாகிறதோ அதே தரவிலிருந்து வரைபடத்தையும் நிரலே எழுதிக்கொள்ளும்படி செய்யலாம். புதுப் பக்கம் சேர்ந்தால் பட்டியலில் தானே ஒரு வரி சேரும். எதை எதன்கீழ் வைப்பது என்று தீர்மானிப்பது மட்டும் மனித வேலை. அதை இயந்திரத்தின் தலையில் கட்டக்கூடாது.

அந்த வேலையில் உலகுக்கே ஆசானாக விளங்கியவர் நம் ஊரில் இருந்தவர்தாம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். (மேலே சொன்ன ரங்கநாதன் தெரு இவர் பெயரில் அமைந்ததன்று.) நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது அவற்றில் ஒன்றின் சாரம். வாசகருடைய நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது இன்னொன்றின் சாரம். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறையை இன்றும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பூட்டிய அலமாரிக்கு வெளியே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறை அவருக்குப் பிடிக்காது. வாசகரே அலமாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். நடப்பவர் திகைக்காதிருக்க வரிசைக்கும் அலமாரிக்கும் தட்டுக்கும் வழிகாட்டும் அட்டைகள் வேண்டும் என்றார். தேடுபெட்டி மட்டுமே போதும் என்பவர்கள் நம்மை மறுபடியும் அந்தச் சீட்டு ஜன்னலுக்கு அழைத்துப் போகிறார்கள் என்பதுதான் என் குறை.

இன்னும் பின்னால் போனால், சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உள்ள பதிகம், நூலின் முப்பது பகுதிகளின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறது. பக்க எண் இல்லாத ஏட்டுச்சுவடிக் காலத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லும் பலகை அது. அந்த நூலை 1892இல் அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி முதலியவற்றைச் சேர்க்க எவ்வளவு உழைத்தார் என்பதைப் பழைய பதிப்புகளைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம். பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

கண் பார்வையற்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்கள் திரையை உரக்கப் படித்துச் சொல்லும் நிரலின் துணையோடு இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். சுட்டியை மேலே கொண்டுபோனால் விரிந்து, நகர்த்தினால் மூடிக்கொள்ளும் மெனு அவர்களுக்குப் பெரும் தொல்லை. தலைப்புகளோடு அமைந்த எளிய பட்டியலிலோ, தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிக் கேட்டுக்கொண்டு போகலாம். 2008இல் வெளியான உலகளாவிய இணைய அணுகுதரம், ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்க வேண்டும் என்கிறது. அந்த வழிகளுள் ஒன்றாகத் தள வரைபடத்தைக் குறிப்பிடுகிறது. தரைத் தளத்தில் பிரெயில் பிரிவு வைக்கத் தெரிந்த நமக்கு இது புரியாததன்று.

நான்கே பக்கம் உள்ள தளத்துக்கு வரைபடம் கேட்க மாட்டேன். நாலு கடை உள்ள தெருவுக்குப் பலகை எதற்கு? ஐம்பது பக்கங்களைத் தாண்டிய எந்தத் தளத்துக்கும், அதிலும் பொதுமக்களுக்குப் படிவமும் சலுகையும் வழங்கும் தளத்துக்கும், அது இருந்தே ஆக வேண்டும். பொடி எழுத்தில் அடியில் ஒளித்துவைக்காமல் ‘இங்கே என்னென்ன உள்ளன’ என்று தமிழில் எழுதி மேலே வைக்கலாம். வழி தவறியவர் வந்து முட்டிக்கொள்ளும் ‘பக்கம் இல்லை’ என்ற பக்கத்திலும் இதே பட்டியலைப் போட்டுவிட்டால் பாதிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பள்ளிக்கோ, அருகிலுள்ள கல்லூரிக்கோ ஒரு தளம் இருக்கும். ஒரு பெரிய தாளில் முகப்பை மேலே எழுதி, அதிலிருந்து பிரியும் பக்கங்களைக் கிளை கிளையாக வரையுங்கள். எத்தனை அடுக்கு வருகிறது, எந்தப் பக்கத்துக்கு வழியே இல்லை என்று குறியுங்கள். பிறகு ஐந்து பக்கங்களின் பெயரை மட்டும் சொல்லி, இரண்டு நண்பர்களைத் தேடச் சொல்லுங்கள். ஒருவர் மெனு வழியாக, மற்றவர் உங்கள் தாளைப் பார்த்து. கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மந்தைவெளிப் பையன் இதைச் செய்து பார்த்தான். அவன் வரைந்த தாளில் ஒன்பது பக்கங்கள் எந்தக் கிளையிலும் ஒட்டாமல் ஓரத்தில் நின்றன. அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்தத் தளத்தை நடத்துபவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.